தளர்ந்தால் நிமிரும் உறுப்பு

கையை மடக்கினால் புஜத்தில் தசை இறுகுகிறது. படியேறினால் தொடையும் கெண்டைக்காலும் இறுகுகின்றன. உடலில் ஒரு வேலை நடக்க வேண்டுமென்றால் எங்கோ ஒரு தசை இறுக வேண்டும் என்றுதான் நமக்குத் தெரியும். ஆணின் வெளிப்புற இனப்பெருக்க உறுப்பான ஆண்குறி இந்தக் கணக்கைத் தலைகீழாக்குகிறது. அது துவண்டிருக்கும்போதுதான் உள்ளே இருக்கும் தசைகள் இறுகி உழைத்துக்கொண்டிருக்கின்றன. அவை தளரும்போது உறுப்பு நிமிர்கிறது. பாடப்புத்தகத்தில் ஒரு படம், நாலைந்து பெயர்கள் என்று அவசரமாகத் தாண்டிப்போன இந்த உறுப்புக்குள் தமனி, நரம்பு, நார், வாயு எல்லாம் சேர்ந்து நடத்தும் நுட்பமான வேலை ஒன்று ஒளிந்திருக்கிறது.

முதல் வியப்பு, இதில் எலும்பு கிடையாது. நாய், பூனை, எலி, வௌவால் ஆகியவற்றின் ஆண்குறிக்குள் ஒரு தனி எலும்பு இருக்கிறது. வால்ரஸ் என்னும் கடல் விலங்கில் அது இரண்டடி நீளம்வரை வளரும். நமக்கு மிக நெருங்கிய உறவான சிம்பன்சிக்குக்கூட ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான சின்ன எலும்பு உண்டு. மனிதனுக்கு அதுவும் இல்லை. காளைக்கும் எலும்பில்லை. ஆனால் அதன் உறுப்பு எப்போதும் ஓரளவு விறைப்பாகவே இருந்து, உடலுக்குள் S வடிவில் மடங்கிக் கிடக்கும். மடக்கிப் பிடித்திருக்கும் தசை தளர்ந்ததும் நீண்டு வெளியே வரும். வாத்து இரத்தத்தைவிட்டு நிணநீரைப் பயன்படுத்துகிறது. ஒரே வேலைக்கு இயற்கை இத்தனை வழிகளைக் கண்டிருக்கிறது. மனிதனும் குதிரையும் முழுக்க முழுக்க இரத்தத்தை நம்புகிற வகை.

இதை மனிதன் கண்டுபிடிக்கவே நெடுங்காலம் ஆயிற்று. பழங்கால ரோமாபுரியின் மருத்துவர் காலனின் காலத்திலிருந்து, உறுப்பை நிமிர்த்துவது ஒருவகைக் காற்று என்றே ஐரோப்பிய மருத்துவம் நம்பியது. தூக்கிலிடப்பட்டவர்களின் உடல்களைக் கூர்ந்து பார்த்த லியனார்டோ டா வின்சி, உள்ளே நிறைந்திருப்பது இரத்தம் என்று குறித்துவைத்தார். நெதர்லாந்து மருத்துவர் ரெக்னியர் டி கிராஃப் 1668-இல் எழுதிய நூலில் இன்னொரு படி மேலே போனார். இறந்த உடலின் இரத்தக்குழாய் வழியே நீரைச் செலுத்தி உறுப்பை நிமிரவைக்கலாம் என்று காட்டினார். காற்று என்ற பழைய எண்ணம் மெல்ல விடைபெற்றது.

கண்ணுக்குத் தெரிவது இந்த உறுப்பின் முழு நீளம் அல்ல. மூன்றில் ஒரு பங்காவது உடலுக்குள் மறைந்திருக்கிறது. விரைப்பைக்கும் மலவாய்க்கும் இடையிலுள்ள பகுதியை விரலால் அழுத்திப் பார்த்தால் தட்டுப்படுவது அதன் வேர்தான். அந்த வேர் கவட்டையாகப் பிரிந்து, இடுப்பெலும்பின் இரு பக்கமும் கெட்டியாக ஒட்டியிருக்கிறது. மேலிருந்து ஒரு தசைநார் அதை இடுப்புக்கூட்டின் முன்பக்கத்தோடு இழுத்துக் கட்டியிருக்கிறது. நெடுநேரம் சைக்கிள் ஓட்டுபவர்களுக்குச் சில சமயம் உறுப்பு மரத்துப்போவதற்கும் இதுவே காரணம். இருக்கை அழுத்துவது வேரையும் அதன் அருகில் ஓடும் நரம்பையும்தான்.

நெதர்லாந்தின் க்ரோனிங்கன் நகர ஆய்வாளர்கள் இதை நேரடியாகவே படம்பிடித்தார்கள். எம்ஆர்ஐ கருவிக்குள் தாமாக முன்வந்த தம்பதிகளின் உறவை அவர்கள் பதிவுசெய்து, 1999-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள்.  எம்ஆர்ஐ படத்தில் உறுப்பு நேராக இல்லை. வேர் ஒரு திசையிலும் வெளிப்பகுதி இன்னொரு திசையிலுமாகப் பூமராங் வடிவில் வளைந்திருந்தது.

குறுக்காக வெட்டிப் பார்த்தால் உள்ளே மூன்று உருளைகள் தெரியும். மேல்பக்கம் இரண்டு, அருகருகே. அடிப்பக்கம் ஒன்று, சற்று மெலிதாக. மேலே உள்ள இரண்டையும் விறைப்பு உருளைகள் என்று அழைப்போம். நிமிர்த்தும் வேலை முழுக்க இவற்றினுடையது. அடியிலுள்ள உருளையின் நடுவே சிறுநீர்ப் புறவழி, அதாவது சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் குழாய், ஓடுகிறது. அந்த அடி உருளையே முனையில் குடையாக விரிந்து மொட்டு என்னும் முன்பகுதியாகிறது. மேல் உருளைகள் இரண்டும் மொட்டுக்குக் கீழேயே முடிந்துவிடுகின்றன.

விறைப்பு உருளைக்குள் எண்ணற்ற சிற்றறைகள். ஒவ்வொரு அறையின் சுவரிலும் நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாத மென்தசை ஓடுகிறது. சுவரின் உட்பக்கம் இரத்தக்குழாய்களில் இருக்கும் அதே மெல்லிய செல்படலம். அறைகள் ஒன்றோடொன்று திறந்திருக்கின்றன. இரண்டு உருளைகளுக்கும் நடுவில் உள்ள தடுப்பிலும் இடைவெளிகள் உண்டு. அதனால் ஒன்றில் புகுந்த இரத்தம் மற்றதற்கும் போகும். இரண்டும் எப்போதும் ஒரே அழுத்தத்தில், ஒரே நேரத்தில் நிமிர்கின்றன.

எவ்வளவு இரத்தம் தேவைப்படும்? 2015-இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் பல நாடுகளில் மருத்துவப் பணியாளர்கள் அளந்த 15,521 ஆண்களின் அளவுகளைத் தொகுத்தார்கள். துவண்ட நிலையில் சராசரி நீளம் 9.16 சென்டிமீட்டர், சுற்றளவு 9.31. நிமிர்ந்த நிலையில் நீளம் 13.12, சுற்றளவு 11.66. இந்த எண்களை உருளையின் கனஅளவுச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், வெளியே தெரியும் பகுதியில் கூடுவது சுமார் 80 மில்லிலிட்டர். டீக்கடைக் கண்ணாடி டம்ளர் ஒன்றில் அடங்கிவிடும். மறைந்த வேரையும் சேர்த்தாலும், உடலில் ஓடும் ஐந்து லிட்டர் இரத்தத்தில் நூற்றுக்கு மூன்று பங்கைத் தொடாது.

இவ்வளவு குறைந்த இரத்தம் இவ்வளவு விறைப்பைத் தருவது எப்படி? சைக்கிள் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். டியூபை மட்டும் வெளியே எடுத்துக் காற்றடித்தால் அது உப்பிக்கொண்டே போகும், கெட்டியாகாது. அதே டியூபை டயருக்குள் வைத்து அடித்தால் கல்லாக இறுகும். விறைப்பைத் தருவது காற்று மட்டுமல்ல, அதற்குமேல் விரிய மறுக்கும் டயரும்தான். விறைப்பு உருளைகளைச் சுற்றியும் அப்படி ஓர் உறை இருக்கிறது. கொலாஜன் என்னும் வலிய புரத நார்களால் நெய்த வெண்மையான உறை என்பதால் அதை வெண்ணுறை எனலாம். துவண்ட நிலையில் அதன் தடிமன் சுமார் 2 மில்லிமீட்டர். நிமிரும்போது இழுபட்டு அரை மில்லிமீட்டருக்கும் கீழே மெலிந்துவிடும். அப்படியும் கிழிவதில்லை.

கிழியாததன் இரகசியம் நார்களை அடுக்கிய விதத்தில் இருக்கிறது. நீர் அழுத்தத்தால் விறைக்கும் உடல்கள் இயற்கையில் பல உண்டு. மண்புழு ஓர் எடுத்துக்காட்டு. அவற்றின் உறையில் நார்கள் பெரும்பாலும் சாய்வாக, சுருள் சுருளாகச் சுற்றியிருக்கும். அதனால் அவை எளிதில் வளைந்து நெளியும். அமெரிக்க ஆய்வாளர் டயான் கெல்லி அர்மடில்லோ என்னும் விலங்கின் ஆண்குறியை ஆராய்ந்து 1997-இல் வெளியிட்ட முடிவு வேறாக இருந்தது. ஓர் அடுக்கு நார்கள் நீளவாக்கில், இன்னோர் அடுக்கு குறுக்கே வளையமாக, ஒன்றுக்கொன்று சரியாகச் செங்குத்தாக. மனித உறுப்பின் வெண்ணுறையும் இதே முறையில் அமைந்ததுதான். வளைய நார்கள் குறிப்பிட்ட அளவுக்குமேல் தடிக்கவிடாது. நீள நார்கள் குறிப்பிட்ட அளவுக்குமேல் நீளவிடாது. இரண்டும் சேர்ந்து, அழுத்தம் நிறைந்த உறுப்பை வளையவிடாமல் காக்கின்றன.

இனி இதை இயக்குவது யார் என்று பார்க்கலாம். நாள் முழுக்க, நாம் உணராமலே, பரிவு நரம்புகள் உறுப்புக்குள் நார்அட்ரினலின் என்னும் வேதிப்பொருளைச் சொட்டிக்கொண்டே இருக்கின்றன. ஆபத்தில் இதயத்தைப் படபடக்கவைக்கும் அதே நரம்பு மண்டலம்தான் இது. அதன் தூண்டலால் சிற்றறைகளின் மென்தசை இறுகியே இருக்கிறது. உள்ளே வரும் தமனிகளும் சுருங்கியே கிடக்கின்றன. நிமிடத்துக்குச் சில மில்லிலிட்டர் இரத்தம் வந்து, வந்த வேகத்திலேயே வெளியேறுகிறது. குளிரிலும் பயத்திலும் உறுப்பு மேலும் சுருங்குவதற்கு இந்த நரம்புகளே காரணம். மனப்பதற்றம் உள்ளவருக்கு விறைப்பு வராமல் போவதும் இதனால்தான். அங்கே ஆண்மைக் குறைவு எதுவும் இல்லை. ஆபத்து வேளையில் இனப்பெருக்கத்தைத் தள்ளிவைக்கும் உடலின் ஒழுங்கு அது.

நிமிரச் சொல்லும் ஆணை எதிர்த்திசையிலிருந்து வருகிறது. முதுகுத்தண்டின் அடிமுனையில், இடுப்புக்குப் பின்னாலுள்ள திருவெலும்பு மட்டத்தில், எதிர்ப்பரிவு நரம்புகள் கிளம்புகின்றன. உடலை ஓய்வுநிலைக்குக் கொண்டுவரும் நரம்புகள் இவை. ஜெர்மானிய உடலியலாளர் எக்ஹார்ட் 1863-இல் நாய்களில் இந்த நரம்பைத் தூண்டி விறைப்பை வரவழைத்துக் காட்டினார். ஆணை இரண்டு வழிகளில் பிறக்கலாம். பார்வை, நினைவு, கற்பனை வழியே மூளையிலிருந்து வருவது ஒன்று. தொடுதலால் முதுகுத்தண்டின் அடிப்பகுதியிலேயே தோன்றித் திரும்புவது மற்றொன்று. அதனால்தான் விபத்தில் முதுகுத்தண்டின் மேற்பகுதி துண்டிக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வை இழந்த பலருக்கும் தொடுதலால் விறைப்பு வருகிறது. மூளைக்குச் செய்தி போகாமலே கீழ் மையம் தன் வேலையைச் செய்துமுடிக்கிறது.

நரம்பு முனை வெளியிடுவது ஒரு வாயு! நைட்ரிக் ஆக்சைடு. மோட்டார் வாகனப் புகையில் உள்ள மாசு என்றுதான் நெடுங்காலம் இதை அறிவியல் அறிந்திருந்தது. சில நொடிகளே நிலைக்கும் இந்த வாயுவை உடல் தானே தயாரித்துச் செய்தி அனுப்பப் பயன்படுத்துகிறது என்பது 1980களில் தெரியவந்தபோது ஆய்வுலகம் திகைத்தது. இதைக் கண்டறிந்த ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் என்னும் மூன்று அமெரிக்க அறிவியலாளர்களுக்கு 1998-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆண்குறியின் விறைப்புக்கும் இந்த வாயுவே தூது என்பதை இக்னாரோவின் குழு 1990களின் தொடக்கத்தில் காட்டியது.

நைட்ரிக் ஆக்சைடு மென்தசைச் செல்லுக்குள் எந்தக் கதவும் இல்லாமல் ஊடுருவுகிறது. அங்கே ஒரு நொதியை எழுப்புகிறது. அந்த நொதி சிஜிஎம்பி என்னும் மூலக்கூறுகளைத் தொடர்ந்து உற்பத்தி செய்கிறது. சிஜிஎம்பி பெருகப் பெருக, தசையை இறுக்கிவைத்திருந்த கால்சியம் பின்வாங்குகிறது. தசை தளர்கிறது. இரத்தம் பாயத் தொடங்கியதும் இன்னொன்றும் நடக்கிறது. பாயும் இரத்தம் உட்படலத்தை உரசுகிறது. உரசலை உணர்ந்த படலம் தானும் நைட்ரிக் ஆக்சைடை வெளியிடுகிறது. நரம்பு தொடங்கிவைத்ததை இரத்தக்குழாயே தொடர்ந்து நடத்துகிறது.

தமனிகள் விரிகின்றன. சிற்றறைகளுக்கு இரத்தம் கொண்டுவரும் நுண்தமனிகள் துவண்ட நிலையில் சுருள் சுருளாக மடங்கியிருக்கும். உறுப்பு நீள நீள அவையும் சுருள் பிரிந்து நேராகின்றன. உறுப்பின் நீளம் கூடும்போது இரத்தக்குழாய் அறுந்துவிடாமல் இருக்க முன்கூட்டியே செய்துவைத்த ஏற்பாடு இது. இரத்த வரத்து ஓய்வுநிலையைவிடப் பல மடங்கு உயர்கிறது.

வரத்து மட்டும் கூடினால் போதாது, போக்கும் அடைபட வேண்டும். டயர் டியூபுக்கு ஒரு வால்வு தேவைப்படுவது போல. ஆனால் ஆண்குறியில் வால்வென்று ஒரு தனிப் பாகம் இல்லை. இரத்தத்தை வெளியே கொண்டுபோகும் நுண்சிரைகள் சிற்றறைகளுக்கும் வெண்ணுறைக்கும் நடுவே படர்ந்திருக்கின்றன. அறைகள் நிரம்பி உப்பியதும் அவை அந்தச் சிரைகளை வெண்ணுறையோடு சேர்த்து நசுக்குகின்றன. வெளியேறும் பாதை தானாக மூடிக்கொள்கிறது. நிரம்புவதே அடைப்பாகவும் ஆகிறது. வடிவமைப்பில் இதைவிடச் சிக்கனம் இருக்க முடியாது.

இந்தக் கட்டத்தில் உள்ளழுத்தம் நம் இரத்த அழுத்தத்தை நெருங்கிவிடும். மேல் அழுத்தம் 120 உள்ளவருக்கு ஏறக்குறைய 100. அதற்குமேல் ஏற்ற இதயத்தால் முடியாது. அங்கேதான் வேரைச் சுற்றியுள்ள இடுப்புத்தள தசைகள் உதவிக்கு வருகின்றன. அவை இறுகி வேரைப் பிழியும்போது, அடைபட்ட இரத்தத்தின் அழுத்தம் சில நூறு என்ற அளவுக்குத் தாவுகிறது. உடலில் சாதாரணமாக எந்த இரத்தக்குழாயிலும் காணமுடியாத அழுத்தம் இது. தளர்வால் தொடங்கிய வேலையில் இறுகும் தசைக்குக் கிடைப்பது இந்தக் கடைசிப் பங்கு மட்டும்தான்.

மூன்றாவது உருளை என்ன ஆயிற்று? அதுவும் இரத்தத்தால் நிறைகிறது. ஆனால் அதன் உறை மிக மெல்லியது, சிரைகளும் முழுக்க அடைபடுவதில்லை. அதனால் அடி உருளையும் மொட்டும் கடைசிவரை மெத்தென்றே இருக்கின்றன. இதற்குத் தெளிவான பயன் உண்டு. அந்த உருளையும் கல்லாக இறுகினால், நடுவில் ஓடும் புறவழி நசுங்கி, விந்து வெளியேற வழியில்லாமல் போகும். இரண்டு உருளைகள் கடினம், ஒன்று மென்மை என்ற பிரிவு, ஒரே உறுப்பை நிமிரவும் செய்கிறது, குழாயைத் திறந்தும் வைக்கிறது.

அந்தப் புறவழியின் நீளம் ஆண்களில் சுமார் 20 சென்டிமீட்டர், பெண்களில் 4. ஆண்களுக்குச் சிறுநீர்த் தொற்று குறைவாக வருவதற்கு இந்த நீண்ட பாதையும் ஒரு காரணம். சிறுநீரும் விந்தும் இதே பாதையில்தான் வருகின்றன. ஆனால் ஒருபோதும் சேர்ந்து வருவதில்லை. விந்து வெளியேறும் கணத்தில் சிறுநீர்ப்பையின் கழுத்துத் தசை இறுக மூடிக்கொள்கிறது. பிறகு வேரைச் சூழ்ந்த தசைகள் ஏறக்குறைய 0.8 நொடிக்கு ஒருமுறை சுருங்கி விந்தை முன்னே தள்ளுகின்றன. நாட்பட்ட சர்க்கரை நோயில் நரம்புகள் பழுதுபட்டு அந்தக் கழுத்து மூடாமல் போனால், விந்து பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும்.

வெளியே போர்த்தியிருக்கும் தோலும் சாதாரணமானது அல்ல. அதன் அடியில் கொழுப்பே கிடையாது. அதனால்தான் அது உள்ளே உள்ளதன்மேல் ஒட்டாமல் தாராளமாக நகர்கிறது, சட்டென்று நீளும் உறுப்புக்கு ஈடுகொடுக்கிறது. முனையில் அது இரட்டையாக மடிந்து முன்தோலாகிறது. பிறந்த குழந்தைகளில் முன்தோல் மொட்டோடு ஒட்டியே இருக்கும். வளர வளர, சில ஆண்டுகளில் தானே பிரியும். குளிப்பாட்டும்போது அதைப் பலவந்தமாகப் பின்னுக்கு இழுக்கவே கூடாது. இழுத்தால் புண்ணாகி, தழும்பாகி, பிற்காலத்தில் தோல் பின்னே போகாத நிலை வரலாம்.

உறுப்பின் அடிப்பக்கம், விரைப்பை வழியாக மலவாய்வரை ஒரு மெல்லிய தையல்கோடு ஓடுவதைக் காணலாம். நாம் கருவில் உருவான கதையின் அடையாளம் அது. ஏறக்குறைய ஒன்பதாவது வாரம்வரை ஆண் சிசுவுக்கும் பெண் சிசுவுக்கும் வெளியுறுப்பில் வேறுபாடே தெரியாது. இரண்டிலும் ஒரு சிறு முகிழ்ப்பு, அதன் கீழே ஒரு பிளவு, இருபக்கமும் மடிப்புகள். விரைகள் சுரக்கும் ஹார்மோன் கிடைத்தால் முகிழ்ப்பு நீண்டு ஆண்குறியாகிறது. மடிப்புகள் பின்னிருந்து முன்னாக ஒன்றுகூடி மூடிக்கொண்டு குழாயாகின்றன. மூடிய இடமே அந்தக் கோடு. மூடுவது பாதியில் நின்றால், சிறுநீர்த் துவாரம் முனையில் அமையாமல் அடிப்பக்கத்தில் அமைந்துவிடும். ஏறக்குறைய 300 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இப்படி நேர்கிறது. அறுவை சிகிச்சையால் சரிசெய்யலாம்.

ஹார்மோன் கிடைக்காத சிசுவில் அதே முகிழ்ப்பு பெண்குறிக் காம்பாகிறது. அதற்கும் மொட்டு உண்டு, இரண்டு விறைப்பு உருளைகள் உண்டு, இடுப்பெலும்பில் பதியும் இரண்டு வேர்கள் உண்டு. அதன் பெரும்பகுதி உள்ளே மறைந்திருக்கிறது என்பதை ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் ஹெலன் ஓ'கானல் 1998-இல் விரிவாக வெளியிட்டார். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வரைபடத்திலிருந்து இரண்டு உறுப்புகள் வருகின்றன.

இரவில் நாம் உறங்கும்போதும் இந்த உறுப்பு உறங்குவதில்லை. 1944-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள், உறங்கும் ஆண்களுக்குச் சுமார் 85 நிமிடங்களுக்கு ஒருமுறை, 25 நிமிடங்கள்வரை விறைப்பு வந்துபோவதைக் கண்டார்கள். அது ஏன் என்று அவர்களுக்குப் புரியவில்லை. ஒன்பது ஆண்டுகள் கழித்து, கண்விழிகள் வேகமாக அசையும் கனவு உறக்கம் கண்டறியப்பட்ட பிறகே இரண்டும் ஒரே தாளத்தில் நடப்பது தெரிந்தது. அந்த உறக்கத்தில் உறுப்பைக் கட்டுப்படுத்தும் பரிவு நரம்புகள் ஓய்கின்றன, பிடி தளர்கிறது, உறுப்பு நிமிர்கிறது. தாயின் வயிற்றில் உள்ள சிசுவிலும் அல்ட்ராசவுண்ட் இதைக் காட்டியிருக்கிறது. காலையில் விழிக்கும்போது காணும் விறைப்பு, கடைசிக் கனவு உறக்கத்தின் மிச்சம். பலரும் நினைப்பதுபோல் சிறுநீர் நிறைந்ததால் வருவது அல்ல. துவண்ட நிலையில் உள்ளே நிற்பது ஆக்சிஜன் குறைந்த இரத்தம். இரவு விறைப்புகளின்போது புதுத் தமனி இரத்தம் பாய்ந்து திசுக்களுக்கு ஆக்சிஜன் ஊட்டுகிறது.

இந்த இரவுப் பழக்கம் மருத்துவர்களுக்கு எளிய சோதனை ஒன்றைத் தந்தது. உறங்கப் போகும்முன் தபால் தலைகளை வளையமாக ஒட்டி உறுப்பைச் சுற்றிவிடுவார்கள். காலையில் துளைக்கோடு கிழிந்திருந்தால் இரவில் விறைப்பு வந்திருக்கிறது என்று பொருள். நரம்பும் இரத்தக்குழாயும் நலம், தடை மனத்தில் இருக்கலாம் என்று மருத்துவர் முடிவுக்கு வருவார். இன்று இதற்கு மின்னணுக் கருவிகள் வந்துவிட்டன.

நிமிர்ந்தது மீண்டும் துவள வேண்டும். அதற்கும் ஒரு நொதி இருக்கிறது. பிடிஇ-5 என்னும் அது சிஜிஎம்பியைத் தொடர்ந்து உடைத்துக்கொண்டே இருக்கிறது. நரம்பின் ஆணை நின்றதும் உடைப்பது வெல்கிறது. தசைகள் இறுகுகின்றன, சிரைகள் திறக்கின்றன, இரத்தம் வடிகிறது. இறங்குவது ஏறுவதைப் போலவே முக்கியம். நான்கு மணி நேரத்துக்குமேல் விறைப்பு அடங்காவிட்டால், தேங்கிய இரத்தத்தில் ஆக்சிஜன் தீர்ந்து திசு அழியத் தொடங்கும். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அவசரநிலை அது.

இங்கிலாந்தின் சாண்ட்விச் நகரில் ஃபைசர் நிறுவனம் நெஞ்சுவலிக்காக உருவாக்கிய சில்டெனாஃபில் என்னும் மருந்து, சோதனைக்கு வந்த ஆண்களிடம் எதிர்பாராத ஒரு பக்கவிளைவைக் காட்டியது. அது பிடிஇ-5 நொதியைத் தடுத்தது. 1998 மார்ச்சில் வயாகரா என்ற பெயரில் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி தந்தது. இந்த மாத்திரை ஆசையை உண்டாக்காது. நரம்பு ஆணை தராவிட்டால் அதற்குத் தடுக்க வேலையே இல்லை. ஆனால் நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையும் உடலில் நைட்ரிக் ஆக்சைடையே தருகிறது. இரண்டும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரைக் கேட்காமல் இதை வாங்கி விழுங்குவது விளையாட்டல்ல. மூலிகை என்ற பெயரில் விற்கும் பொருள்களில் இதே மருந்து இரகசியமாகக் கலந்திருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பலமுறை கண்டு எச்சரித்திருக்கிறது.

இந்த உறுப்பு இதயத்துக்கு முன்னறிவிப்பும் தருகிறது. ஆண்குறித் தமனியின் விட்டம் 1 முதல் 2 மில்லிமீட்டர். இதயத் தமனியின் விட்டம் 3 முதல் 4. புகை, சர்க்கரை, உயர் இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவை எல்லாத் தமனிகளையும் ஒன்றாகவே கெடுக்கின்றன. குறுகிய குழாய் முதலில் அடைபடும். எனவே விறைப்புக் குறைபாடு பலருக்கு மாரடைப்புக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் முன்னதாகவே தலைகாட்டுகிறது. சர்க்கரை நோயுள்ள ஆண்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இந்தக் குறை இருக்கிறது. திரும்பவும் வழி உண்டு. இத்தாலியில் உடற்பருமன் உள்ள 110 ஆண்களிடம் இரண்டு ஆண்டுகள் நடத்திய ஆய்வு 2004-இல் வெளியானது. உணவைக் குறைத்து, உடற்பயிற்சி செய்து எடை இழந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மருந்தில்லாமலே இயல்புநிலை திரும்பியிருந்தது.

பேருந்து நிலையச் சுவரொட்டிகளும் பின்னிரவுத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளும் "இளமையில் செய்த தவறு" என்று சொல்லி நம் இளைஞர்களைப் பல்லாண்டுகளாகப் பயமுறுத்திவருகின்றன. இதுவரை பார்த்த எந்தப் பாகமும் சுய இன்பத்தால் தேய்வதில்லை. நரம்பு தளர்வதில்லை, வெண்ணுறை நைவதில்லை, தமனி சுருங்குவதில்லை. அளவைப் பற்றிய கவலையும் பெரும்பாலும் வீண். துவண்ட நிலையின் அளவை வைத்து நிமிர்ந்த நிலையைக் கணிக்க முடியாது. மேலே சொன்ன 13 சென்டிமீட்டர் என்பது உண்மையான சராசரி. விளம்பரங்கள் காட்டும் அளவுகோல் வேறு. எண்ணெயும் லேகியமும் வெண்ணுறையின் நார்களை நீட்டிவிட முடியாது.

பயமும் வெட்கமும் பரிவு நரம்புகளைத்தான் தூண்டுகின்றன. இந்த உறுப்புக்கு அவற்றைவிடப் பெரிய எதிரி இல்லை. நிமிர்வதில் தொடர்ந்து சில மாதங்கள் சிக்கல் இருந்தால், லாட்ஜில் அறை எடுத்து உட்கார்ந்திருப்பவரிடம் போகாதீர்கள். அரசு மருத்துவமனையிலோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ போய், இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் முதலில் பரிசோதித்துக்கொள்ளுங்கள். உங்கள் இதயத்தைக் காக்கும் வாய்ப்பும் அங்கேயே கிடைக்கலாம்.